நான்காம் கியரில் ஏறாத மேடு

தான் அசையாமல் அண்டமெல்லாம் அசைவிக்கும் பெருமானின் திருவடியை முதற்கண் வணங்கி, அடியேன் செய்த ஒரு சூழ்ச்சியையும் அது கவிழ்ந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

எங்கள் மகளின் வீடு ஒரு செங்குத்தான தெருவின் உச்சியில் இருக்கிறது. பேரன் பிறந்து நாற்பது நாள். மருத்துவமனையில் ஒருமுறை பார்த்ததோடு சரி; என் மனைவி அவனை மீண்டும் கையில் ஏந்தவில்லை. முழங்கால் வலியால் அவளால் அம்மேட்டை நடந்து ஏற இயலாது. காரில்தான் போக வேண்டும். காரை ஓட்டுபவன் நான். எனக்கோ அங்கே போக மனமில்லை. காரணம், சம்பந்தி. அவர் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. நாற்பது ஆண்டுகள் சொற்பொழிவாற்றிப் பழகிய நான் அவர் முன்னால் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தவம் எனக்குக் கைகூடவில்லை.

ஆகவே ஒரு வழி கண்டேன். மேடு தொடங்கும் இடத்திலேயே நான்காவது கியருக்கு மாற்றிவிடுவேன். வண்டி நாலு வீடு தாண்டும். முக்கும், முனகும், உடம்பெல்லாம் நடுங்கும், அணைந்துவிடும். "எஞ்சினுக்கு வயசாயிடுச்சு" என்று பெருமூச்சு விட்டுப் பின்னோக்கி இறக்குவேன். மூன்று ஞாயிறுகள் இப்படிக் கழிந்தன. பெருமூச்சு வாரத்துக்கு வாரம் மெருகேறியது. மனைவி மடியிலிருந்த குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் திரும்ப வைத்ததைப் பார்க்காதவன் போல் இருந்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

நான்காம் ஞாயிறு. சமதளச் சாலையில் போகும்போது கேட்டாள்.

"ஏங்க, அந்த வட்டத்துல ஒரு முள்ளு ஆடுதே, அது என்னங்க? ரொம்ப நாளா கேக்கணும்னு."

கேள்வி கேட்பாரைக் கண்டால் எனக்கு உலகம் மறந்துவிடும்.

"அதுவா, எஞ்சின் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுத்துதுன்னு காட்டுற முள்ளு. இப்ப ரெண்டாயிரம்."

"அப்ப சக்கரமும் ரெண்டாயிரம் சுத்துதா?"

"அதெப்படி? நடுவுல கியர் இருக்கே. சின்ன கியர்ல எஞ்சின் நிறைய சுத்தும், சக்கரம் கொஞ்சமாத்தான் சுத்தும். வேகம் குறையும், இழுக்குற பலம் கூடும். பெரிய கியர்ல நேர்மாறு."

"எஞ்சின் மெதுவா சுத்தினா அதுக்கு நல்லதுதானே?"

"சமதளத்துல நல்லது. மேட்டுல அப்படி விட்டா மூச்சு முட்டி நின்னுடும். நம்ம மனசும் அப்படித்தான். கஷ்டம் வர்றப்ப வேகத்துக்கு ஆசைப்படக் கூடாது. கியரைக் குறைச்சு, பொறுமையா, நாமத்தை நிறைய தடவை சொல்லணும். நகர்ற மாதிரியே தெரியாது. ஆனா ஏறிக்கிட்டே இருப்போம்."

இந்த உவமை என் வாயில் அக்கணம்தான் பிறந்தது. எனக்கே மெய்சிலிர்த்தது.

"எவ்வளவு அழகா சொல்றீங்க. இதோ மேடு வந்துடுச்சு. இதுக்கு எந்த கியருங்க?"

"ரெண்டாவது" என்றேன். சொன்ன வாய்க்குக் கை கீழ்ப்படிந்தது. முள் மூவாயிரத்தைத் தாண்டியது. எஞ்சின் கணீரென்று குரலெடுத்தது; சக்கரங்கள் அடியார் மலையேறுவதுபோல் அவசரமின்றி ஏறின. நாலு வீடு கடந்த பிறகே நான் செய்தது எனக்கு உறைத்தது. கை மெல்ல நான்காவதை நோக்கி ஊர்ந்தது.

"கையை எடுங்க" என்றாள். "மூணு வாரமா இந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன். கஷ்டத்துல வேகத்துக்கு ஆசைப்படக் கூடாதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

ஊருக்கு உரைத்தவன் தன் உரையைத் தானே மீறலாமா? ஏறினேன்.

உச்சியில் மகள் குழந்தையோடு நின்றாள். பின்னால் சம்பந்தி எனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லையே, எஞ்சின்ல இன்னும் பலம் இருக்கு" என்று முணுமுணுத்தேன்.

பேரனை மார்போடு அணைத்தபடி, திரும்பிப் பாராமலே அவள் சொன்னாள்:

"எஞ்சினை நான் எப்பங்க குறை சொன்னேன்?"

இதைக் கேட்போர் இல்லங்களில் மழலை நிறைக. அவரவர் முன் நிற்கும் மேட்டை அவரவர் நிதானமாய் ஏறிச் சேர்க. பெருமான் துணை நிற்க.