ஐந்து வாளி, ஒரு செம்பு

"நான் கப்பலில ஏறுறதோ, விடுறதோ? அதை மட்டும் சொல்லுங்கோ. எனக்குப் பின்னால பதினாலு பேர் நிக்கினம்."

யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து கௌரி கேட்டாள். கொழும்பு வெள்ளவத்தையில், தான் தங்கியிருந்த லொட்ஜின் கூடத்தில், ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளுடைய கணவர் சவுந்தரநாயகம் சுவரில் தொங்கிய கரும்பலகையைப் பார்த்தார்.

"இண்டைக்கு ஐஞ்சு வாளியும் ஒரு செம்பும்" என்றார்.

"என்ன?"

"பச்சை வெல்லுறதுக்கு. பாதிக்குக் கொஞ்சம் மேல. நாளைக்குத் தெளிவாச் சொல்லுறன்."

"நான் கேட்டது கப்பலை."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

சவுந்தரநாயகத்தைப் பைத்தியம் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பதினெட்டு வருடமாக வேலை செய்பவர். எந்த வீடு எப்போது எரியும் என்று கணக்குப் பார்த்துப் பார்த்து, கணக்கில்லாமல் ஒரு முடிவும் எடுக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டவர். அவ்வளவுதான்.

அவர் கொழும்பிலும் கௌரி ஊரிலுமாகப் பிரிந்து நாலு வருடமாகிறது. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்தது; கப்பல்தான் ஒரே வழி. எட்டு மாதம் காத்திருந்த பிறகு இப்போதுதான் வெள்ளிக்கிழமைக் கப்பலில் கௌரியின் பெயர் வந்திருந்தது. அதற்கு ஐந்து நாள் கழித்து, அடுத்த வாரப் புதன்கிழமை, பாராளுமன்றத் தேர்தல். பச்சைக் கட்சி வென்றால் பேச்சுவார்த்தை, பாதை திறப்பு. அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம். நீலக் கட்சி வென்றால் சண்டை தொடரும்; கௌரி வந்தாக வேண்டும். வந்தபின் பாதை திறந்தால், பூட்டிவிட்டு வந்த வீட்டில் யாராவது குடியேறியிருப்பார்கள். வராமல் விட்டுப் பாதை திறக்காவிட்டால் ஐந்தாவது வருடமும் தொலைபேசிதான். பத்திரிகைகளோ இரண்டு கட்சியும் இழுபறி என்று எழுதின.

அப்போதுதான் அலுவலகத்தில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் அந்தக் கட்டுரையைப் படித்தார். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் தேர்தல் முடிவைப் பற்றிச் சீட்டு வாங்கி விற்கிறார்களாம். நம்புகிறவன் வாங்குவான், நம்பாதவன் எழுதி விற்பான், சீட்டின் விலையே ஆரூடம். சும்மா வாயால் சொல்லுகிறவன் என்னவும் சொல்லுவான். கையிலுள்ளதைக் கொடுத்துச் சொல்லுகிறவன் யோசித்துத்தான் சொல்லுவான்.

லொட்ஜில் யாருடைய கையிலும் ஒன்றும் இல்லை, தண்ணீர் டோக்கனைத் தவிர. உரிமையாளர் மஜீட் நானா கூரையிலிருந்த தண்ணீர்த் தாங்கியைக் காட்டி, ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளி என்று தகர டோக்கன் கொடுத்திருந்தார். ஆகவே சவுந்தரநாயகத்தின் சந்தை வாளியில் நடந்தது. பச்சைக்குப் பெரும்பான்மையான நூற்றுப் பதின்மூன்று ஆசனம் கிடைத்தால், எழுதி விற்றவன் சீட்டுக்குப் பத்து வாளி கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. சீட்டு ஆறு வாளிக்குப் போனால் பத்துக்கு ஆறு வாய்ப்பு.

இதையெல்லாம் அவர் கௌரிக்கு எட்டு நிமிடம் விளக்கினார். அவள் "விளங்கினது" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமையும் விலை அசையவில்லை. லொட்ஜில் இருந்த பன்னிரண்டு பேர் போதாது, ஆட்கள் கூடினால்தான் உண்மை கூடும் என்று சஞ்சிகை சொன்னது. சவுந்தரநாயகம் சந்தையை, லொட்ஜ் இருந்த ஒழுங்கையின் எல்லா வீடு கடைகளுக்கும் திறந்துவிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் மஜீட் நானா அவருடைய அறைக் கதவைத் தட்டினார். நானாவின் முகத்தில் இரத்தம் இல்லை.

"ஐயா, பாத்ரூமுக்குள்ள ஒரு மனுசன் ஈக்கிறாரு. எண்ட லொட்ஜ் ஆள் இல்ல. ஆருன்னு கேட்டா, அஞ்சு வாளி வாங்கிட்டேன்னு செல்றாரு."

குளியலறைக்குள் இருந்தவர் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர் பேதுரு. பச்சை வராது என்று உறுதியாக நம்புகிறவர். ஒரு சீட்டு எழுதி விற்று, கிடைத்த ஐந்து வாளியையும் ஒரே தரத்தில் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் துவாயோடு இன்னும் நாலு பேர் நின்றார்கள். லொட்ஜ்காரர் இருவர் பல் துலக்கத் தண்ணீரில்லாமல் கடற்கரைக்குப் போயிருந்தார்கள்.

"நானா, சந்தை ஆழமாகுது" என்றார் சவுந்தரநாயகம்.

"தாங்கி ஆழம் கொறஞ்சி போச்சு ஐயா."

இவ்வளவு தண்ணீர் போயும் விலை ஐந்து வாளி, இரண்டு செம்பு. ஒரு செம்புதான் ஏறியிருந்தது. கூட்டம் போதாது, உள்விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்று சவுந்தரநாயகம் முடிவு செய்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து கிளெமென்ற்றை வரவழைத்தார். கிளெமென்ற் ஓர் அமைச்சில் பியோன். பெரிய அதிகாரி ஒருவரின் கதவுக்கு வெளியே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் அவனுக்கு வேலை.

அன்று மாலையே கிளெமென்ற் வந்தான். கூடத்தில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, காலையிலேர்ந்து சார் எலெக்சன் பத்தித்தான் பேசிட்டிருந்தாரு. அப்புறம் போனை எடுத்து யாருக்கோ சொன்னாரு. 'கொல ஒக்கொம கன்ன.' என் ரெண்டு காதால கேட்டேன்."

சிங்களத்தில் கொல என்றால் பச்சை. ஒக்கொம கன்ன என்றால் எல்லாவற்றையும் எடு. அவ்வளவு பெரிய மனிதர் எல்லாம் பச்சைக்கே என்கிறார் என்றால், பிறகு என்ன மிச்சம்?

கிளெமென்ற் தானே முதல் சீட்டை வாங்கினான். அரை மணித்தியாலத்தில் விலை ஏழு. ஒரு மணித்தியாலத்தில் ஒன்பது. பேதுரு வெளிறிய முகத்தோடு, எழுதி விற்ற சீட்டைத் திருப்பி வாங்க அலைந்தார். தைப்பொங்கல் வரைக்குமான தன் டோக்கன் முழுவதையும் கொடுத்து சவுந்தரநாயகமும் பச்சை வாங்கினார். வாங்கிய கையோடு தொலைபேசிக் கடைக்கு அழைத்து, கௌரியைக் கூப்பிடச் சொன்னார்.

"வரவேண்டாம் கௌரி. ஒன்பது வாளி. பாதை திறக்கப்போகுது, நான் அங்கை வாறன்."

அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். யாரோ கைதட்டினார்கள்.

"அங்கை என்ன சத்தம்?"

"ஒண்டுமில்லை. சனம்." கௌரியின் குரல் மெலிந்திருந்தது. "அப்ப கப்பல் சீற்றைச் சிவக்கொழுந்துக்குக் குடுக்கட்டோ? காத்திருக்கிற ஆக்களில அடுத்த பேர் அவதான்."

"குடும்."

அன்றிரவு நாலு வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

வியாழன் மத்தியானம் கிளெமென்ற் மறுபடி வந்தான். கையில் வாழை நாரால் கட்டிய ஒரு பெரிய வல்லாரைக் கட்டு. அதை மேசையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான்.

"சார் வீட்டில நாளைக்கு தானமாம், அண்ணே. அம்பது பிக்குமாருக்குச் சாப்பாடு. சம்பலுக்கு மார்க்கெட்டில இருந்த இலை எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி டிரைவருக்குத்தான் போன் போட்டிருக்காரு. மிஞ்சினதை எங்களுக்குப் பிரிச்சுத் தந்தாரு."

கொல என்றால் இலையும்தான். அது லொட்ஜில் எல்லாருக்கும் தெரியும். தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது யாருக்கு இலை ஞாபகம் வரும்?

கரும்பலகையில் விலை இரண்டு வாளிக்கு இறங்கியது. பிறகு வாங்க ஆளே இல்லை. சவுந்தரநாயகம் எண்ணைச் சுழற்றினார். பதினொரு தரம் சுழற்றிய பிறகுதான் லைன் கிடைத்தது.

"கௌரி, வாரும். பச்சை வராது போல கிடக்கு. நான் பிழை விட்டிட்டன்."

"நாளைக்குக் கப்பல். இதுதான் கடைசிச் சொல்லோ?"

"கடைசி."

"இன்னொருக்கா உரத்துச் சொல்லுங்கோ. இஞ்ச சரியாக் கேக்கேல்லை."

"வாரும்!" லொட்ஜ் முழுவதற்கும் கேட்கக் கத்தினார். "இனி வாளியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீர் வாரும்."

மறுமுனையில் பெரிய கலவரம் போல ஒரு சத்தம். ஒரு பெண் யாரையோ வைது தீர்த்தாள். அதற்கிடையில் கௌரி சொன்னாள்:

"ஆனா சீற்றை நேற்றே சிவக்கொழுந்துக்குக் குடுத்திட்டனே."

லைன் அறுந்தது. அதன் பிறகு எத்தனை தரம் சுழற்றியும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பல் புறப்பட்ட நேரத்தில் அவர் வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதையோரம் உட்கார்ந்து அழுதார். வெட்கப்படாமல் அழுதார். ஒரு வார்த்தை கேட்ட பெண்சாதிக்கு விலை சொன்ன மனிதன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு, டோக்கன் இல்லாதபடியால், அங்கேயே கடலில் குளித்தார்.

திங்கட்கிழமை காலை, கப்பலில் வந்த சனத்தை ஏற்றிய திருகோணமலை வான் வண்டி ஒன்று லொட்ஜ் வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் சரோஜினிதேவி. யாழ்ப்பாணத்தில் கௌரியின் அயல் வீட்டுக்காரி. கனடா மகனிடம் போகிறவர். முகத்தில் கடுகு வெடித்தது.

அவருக்குப் பின்னால், ஒரு சூட்கேசோடு, கௌரி இறங்கினாள்.

சவுந்தரநாயகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நாலு வருடத்தில் கௌரி மெலிந்திருந்தாள். நெற்றிப் பக்கம் நரைத்திருந்தது. அவள் அவரை ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"மூண்டு நாளாக் குளிக்கேல்லை" என்றாள். "தண்ணி இருக்கோ?"

அவர் மஜீட் நானாவைப் பார்த்தார். நானா கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு வாளி எண்ட கணக்கில எடுங்க தங்கச்சி" என்றார் கடைசியில்.

கௌரி உள்ளே போனாள். சவுந்தரநாயகம் சரோஜினிதேவியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, சீற்றைக் குடுத்திட்டன் எண்டல்லோ சொன்னவ. பிறகு எப்பிடி வந்தவ?"

சரோஜினிதேவி பையைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"நீர் கடைசியா என்ன சொல்லுவீர் எண்டு எங்கட ஒழுங்கை முழுக்கத் தேங்காய்க்குச் சீட்டு விட்டனாங்கள், தம்பி; நாங்கள் எல்லாரும் 'வரவேண்டாம்' வாங்க, 'வாரும்' வாங்கின ஒரே ஆள் உம்மடை மனிசிதான், எங்களிட்டை வெண்ட அந்த இருநூற்றிப் பதினேழு தேங்காயையும் குடுத்துத்தான் சிவக்கொழுந்திட்டை இருந்து சீற்றைத் திருப்பி எடுத்தவ."