யாமே மாஸ்டரும் என் ஜப்பான் பாஷையும்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். ஆனாலும் போர்ட் பிளேரில் ஜப்பான் பாஷை தெரிந்த இட்லிக்காரி நான் ஒருத்திதான். காரணம் யாமே மாஸ்டர். அவரைப் போல வீம்பு பிடித்த மனுஷன், தீவு தீவாகத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

பகலில் அவருக்கு ஹேடோ துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை. சாயங்காலம் டெலானிபூர் மேட்டு மைதானத்தில் கராத்தே வகுப்பு நடத்துவார். அந்த மைதானத்து ஓரத்தில்தான் என் கடை. வகுப்பில் ஒரு வார்த்தை தமிழோ ஹிந்தியோ பேசமாட்டார். ‘ஹஜிமே’ என்றால் ஆரம்பி. ‘யாமே’ என்றால் நிறுத்து. ‘மவாத்தே’ என்றால் திரும்பு. முதல் நாள் அது என் காதில் ‘மாவாட்டே’ என்று விழுந்தது. கரண்டியோடு போய் நின்றேன்.

“மாஸ்டர், யாரை மாவாட்டச் சொல்லுதீரு?”

“அக்கா, அது ஜப்பான் பாஷை. திரும்புன்னு அர்த்தம்.”

“தமிழ்ல சொன்னா புள்ளைங்க திரும்பாதோ?”

“தமிழ்ல சொன்னா பெங்காலி புள்ளைக்குப் புரியாது. ஜப்பான்ல சொன்னா ஒருத்தருக்கும் புரியாது. அதான் நியாயம்!”

சட்னி போதும் என்பதற்கும் ‘யாமே’தான். நாய் குரைத்தாலும் ‘யாமே’தான். அவர் பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெயின்லேண்ட் கப்பல் ஏறிய அன்று, கப்பல் துறையில் நின்று ‘யாமே!’ என்று கத்தினாராம். கப்பலும் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. அதற்கப்புறம் அவருக்கென்று யாரும் இல்லை.

போன மழைக்காலத்தில் வகுப்பு நடுவிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். தமிழும் போயிற்று, ஹிந்தியும் போயிற்று. வகுப்பில் கத்திய ஜப்பான் சொற்கள் மட்டும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியோடு வந்தால் “யாமே!” என்று அலறுவார். பக்கத்துக் கட்டில் கிழவருக்கு அது ‘யமனே’ என்று கேட்கும். “அவனை ஏன்யா கூப்பிடுதே, என் கட்டில்தான் வாசல் பக்கம் இருக்கு!” என்று அழுவார். நர்ஸோ, “பாகல் ஹை, பாகல்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். மனநோய் வார்டுக்கு மாற்றப் பேச்சு நடந்தது.

நான் விடவில்லை. “பாகல் நஹி, சிஸ்டர். ஊசி வேணாம்னு சொல்லுதாரு” என்றேன். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதிக் கட்டிலில் ஒட்டினாள். யாமே என்றால் வேண்டாம், ஹஜிமே என்றால் வேண்டும். வார்டு மாற்றும் பேச்சு அதோடு போயிற்று. டாக்டரே என்னிடம் அர்த்தம் கேட்டார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

தினமும் காலையில் ஒரு டம்ளர் கஞ்சி கொண்டு போவேன். குடித்து முடித்து நான் எழுந்தால், கோணிய வாயால் “மோ... இச்சி... தோ” என்பார். இச்சி, ஜப்பானில் ஒன்று. வகுப்பில் எண்ணக் கேட்டிருக்கிறேன். தோ, ஹிந்தியில் இரண்டு. “மாஸ்டருக்கு ஹிந்தி திரும்ப வருது!” என்று வார்டு முழுக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுபடியும் அதையே சொல்வார்.

“ஆமா மாஸ்டர், அடுத்தது தீன். மிச்சத்தை நாளைக்கு எண்ணலாம்” என்று தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

பதினோரு நாள் இப்படி. பன்னிரண்டாம் நாள் கட்டில் காலி.

அடக்கத்தன்று அவரிடம் படித்த பெண் ஒருத்தியிடம், மாஸ்டர் ஹிந்தியில் இரண்டு வரைக்கும் வந்துவிட்டார் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாட்டி, அவர் எண்ணலை. மோ இச்சிதோன்னா, இன்னும் ஒருதரம்னு அர்த்தம்.”

கேட்டது கஞ்சியையா, என்னையா? அதை இனி யாரிடம் போய்க் கேட்பது? இப்போதும் காலையில் கை தன்னால் இரண்டு டம்ளர் கஞ்சிக்கு அரிசி எடுக்கிறது.

பேத்தி ஜெனி, என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். எல்லாருக்கும் பொறுமையா வாசிச்சுக் காட்டு. மாஸ்டர் பேர் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி, தாயி.