வெல்லகாட் வம்சத்தின் இந்தியக் கிளை

செங்கல்பட்டு,
பிப்ரவரி 1974

சிரஞ்சீவி தம்பி திருநாவுக்கரசுக்கு, அண்ணன் பூவராகவன் மனம் நிறைந்த ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி சம்பூர்ணமும் சௌக்கியம். பிலாயில் நீயும் சகுந்தலாவும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சௌக்கியம் என்ற சொல்லை நான் எப்போதும் கை பழகிய வேகத்தில் எழுதிவிடுகிறவன். இந்தத் தடவை பேனாவைக் கீழே வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி எடுத்து எழுதியிருக்கிறேன். தோப்பு நம்முடையதுதான். முழுசாக நம்முடையது. இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீ பதறாமல் படிக்கலாம். "வெள்ளைக்காரன் வந்துவிட்டான், தோப்பு போகிறது, உடனே வா" என்று காத்தவராயன் உனக்குத் தந்தி கொடுத்ததும், "எந்த வெள்ளைக்காரன், எங்கே போகிறது" என்று நீ எனக்குத் தந்தி கொடுத்ததும் எல்லாம் முடிந்த கதை. இனிமேல் நிம்மதியாகத் தூங்கு.

நடந்தது இதுதான். ரயில்வே கூட்ஸ் ஆபீசிலிருந்து ரிட்டையரானது முதல் எனக்குப் பொழுது நகரவில்லை என்பது உனக்குத் தெரியும். பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற சீமை ஆசாமிகளுக்காகவே நடத்துகிறார்கள். அதில் ஒருவர், ஆற்றங்கரையில் நாள் பூராவும் உட்கார்ந்து ஒரே ஒரு மீனைப் பிடித்ததாகவும், அதைத் தடவிக்கொடுத்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டதாகவும் பெருமையாக எழுதியிருந்தார். கடற்கரைக் குப்பத்தில் பிறந்த எனக்குப் பொறுக்குமா? "எங்கள் ஊரில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு மீனோடு வருகிறவனை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள், அதையும் விட்டுவிட்டு வருகிறவனை ஊருக்குள்ளேயே சேர்க்க மாட்டார்கள்" என்று ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்து புரியாமல் போய்விடுமே என்று நம் தெருக்கோடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஜெசிந்தாவிடம் டைப் அடிக்கக் கொடுத்து, தபாலில் போட்டுவிட்டு மறந்தும் போனேன்.

போன வாரம் ஒரு தந்தி வந்தது. "மிஸ்டர் வெல்லகாட்" என்று தந்திக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். "கதவு நம்பர் உங்களுதுதான் ஸார், ஆளை நீங்களே உள்ள தேடிப் பாருங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே பார்த்தால், "சனிக்கிழமை காலை வருகிறேன். பேரானந்தம். நம் ஃபேமிலி சீட்டைப் பார்க்க ஆவல். உங்கள் உறவினன் ஆர்தர் வெல்லகாட்" என்று இருந்தது. தேங்காய் மூட்டையோடு காத்தவராயன் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தான். சித்தப்பா மகன் என்றாலும் தோப்பைப் பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறவன் அல்லவா, அவன் எதிரிலேயே நான் அதைப் படித்துத் தொலைத்தேன். "சீட்டுன்னா இன்னாங்க, சீட்டு கட்றதா?" என்றாள் உன் அண்ணி. எனக்கே தெரியவில்லை. தந்தியை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் ஓடினேன். அவள் அகராதியைப் புரட்டி, "பூர்வீக மாளிகை, பூர்வீகச் சொத்துன்னு போட்டிருக்கு ஸார்" என்றாள். சரி, இந்த வெல்லகாட் யார் என்றால், அது நான்தானாம்! வெ. பூவராகவன் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். "வெ.ன்னா வெள்ளக்காடு, ஊர்ப்பேருன்னு நீங்கதானே ஸார் சொன்னீங்க? இங்கிலீஷ்காரங்களுக்கு அதெல்லாம் பின்னாடிதான் வரணும். முழுசா அடிச்சா அவங்களுக்கு நாக்கு பொரளாது. அதான் பி. வெல்லகாட்னு நீட்டா அடிச்சேன்" என்றாள். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பார்க்க நீட்டாகத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் காத்தவராயன் தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தான். "அண்ணாத்த, இது பெரிய பேஜாரு. பேரு ஒண்ணா கீது, உறவுன்றான், சொத்தைப் பாக்கணும்ன்றான். பங்காளியா இல்லாதவன் கப்பல் ஏறி தோப்பைப் பாக்க வருவானா? அவன் பாகம் கேக்கத்தான் வர்றான்" என்றான். நான் சிரித்தேன். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் முன்பு வந்தபோதும் சும்மா பார்க்கத்தானே வந்தேன் என்றான்? நீ ரிட்டையரானதும் வந்து வீடு கட்ட வேண்டும் என்று வைத்திருக்கிற இடம், காத்தவராயனுக்குப் போக வேறு போக்கிடம் இல்லாத இடம், அதை மூன்று பாகமாக்கி ஒன்றைச் சீமைக்காரனுக்குக் கொடுப்பதா? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உன் அண்ணிதான் தெளிவாக இருந்தாள். "வந்தா வாங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஒங்க வூடு மாதிரி நெனச்சிக்கோங்கன்னு மட்டும் வாய் தவறிகூட சொல்லிடாதீங்க" என்றாள்.

சனிக்கிழமை ரயிலடியில் இறங்கியவரைப் பார்த்தால் பயமாக இல்லை. என் வயதுதான் இருக்கும். ஒல்லி. வெயிலில் மூக்கு மட்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. கக்கத்தில் சுருட்டிய பெரிய காகிதம். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன்" என்று கண் கலங்கினார். பதற்றத்தில் நான் அந்த வாக்கியத்தையே, அதே வாக்கியத்தையே, ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்! அவர் என் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்று பேச்சை மாற்றினேன். "நில அளவை. நான் ரிட்டையர்டு சர்வேயர்" என்றார். நான் மறுபடி பேச்சை மாற்றினேன்.

வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு அந்தக் காகிதத்தை விரித்தார். உலகப் படம். அங்கங்கே சிவப்புக் கொண்டை வைத்த குண்டூசிகள். ஒவ்வோர் ஊசியும் ஒரு வெல்லகாட் குடும்பமாம். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஒரே ஒரு தங்கை, அவளுக்கும் பிள்ளை இல்லை. தன்னோடு பேர் போய்விடுமோ என்ற கவலையில் டெலிபோன் டைரக்டரிகளையும் கல்லறைகளையும் படித்துப் படித்து இந்த ஊசிகளைச் சேர்த்திருக்கிறார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்று ஒரு ஜில்லா, ஊசிகள் அங்கேதான் நெருக்கம். தண்ணீர் தாண்டி வேல்ஸ் பக்கம் கொஞ்சம், பிழைக்கப் போன வகையில் லண்டனில் கொஞ்சம், ஆஸ்திரேலியாவில் சிதறல். மொத்தப் பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாம்பார் ஆறுவதற்குள் பரிமாறிவிடலாம். ஆசியாக் கண்டம் முழுவதிலும் ஒரே ஓர் ஊசி. அது செங்கல்பட்டின் நெஞ்சில் குத்தியிருந்தது. தூண்டில் பத்திரிகையில் என் கடிதத்தின் கீழே பெயரையும் விலாசத்தையும் பார்த்துவிட்டுக் குத்தியதாம். அந்த ஊசியை அவர் விரலால் தொட்டுக் காட்டியபோது, இது ஜெசிந்தாவின் வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தம்பி. அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

சொல்லாமலே திருப்பி அனுப்பிவிடலாம் என்று முதலில் திருக்கழுக்குன்றம் கூட்டிப்போய் மலையேற்றினேன். மறுநாள் மகாபலிபுரம் கூட்டிப்போய் ரதங்கள், குகைகள், கடற்கரைக் கோயில் எல்லாவற்றையும் மணலில் கால் வேகும்வரை காட்டினேன். "அற்புதம், அற்புதம், நம் ஃபேமிலி சீட் எப்போது?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பஸ் மாறி பஸ் மாறி, கடப்பாக்கத்தில் இறங்கி, வெயிலில் நடத்தி வெள்ளக்காட்டுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். ஊரே தோப்பு வாசலில் காத்திருந்தது. காத்தவராயன் புது லுங்கி கட்டி, கையில் தேங்காய் உரிக்கிற பாரையோடு நின்றான். வெல்லகாட் தோப்புக்குள் நுழைந்து, பழக்கம் விடாது போலிருக்கிறது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே அளவாக அடி வைத்து நடந்தார். "அளக்கிறான்! அண்ணாத்த, அவன் அளக்கிறான்!" என்று காத்தவராயன் கத்தினான். "நேரா கேளு. பாகம் வோணுமா, வோணாமா?"

பாகத்துக்கு எனக்கு ஷேர் என்ற சொல்தான் வந்தது. ஷேர் என்று நான் ஆரம்பித்ததுமே அவர் அவசர அவசரமாக, தாராளமாக என்று பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து எல்லாருக்கும் நீட்டினார். "யாரும் வாங்காதீங்க! வாங்கித் துன்னா பங்காளின்னு ஒத்துக்கினதா ஆயிடும்!" என்றான் காத்தவராயன். அதற்குள் அவன் பெண்சாதி வச்சலா இரண்டைத் தின்றுவிட்டிருந்தாள். மூன்றாவது கையில் இருந்தது. அவள் அதைத் திருப்பி வைக்கவும் இல்லை, முழுங்கவும் இல்லை.

ஒன்றும் புரியாமல் டப்பாவோடு நின்ற வெல்லகாட் என்னிடம் கேட்டார்: "எங்கள் பெயர் டெவனில் ஒரு சின்னக் கிராமத்துப் பண்ணையின் பெயர். அந்தக் கடைசிக் காட் என்பதற்குக் குடிசை என்று பொருள். அங்கிருந்து கிளம்பிப் போனவர்களை ஊர்ப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது. இங்கே உங்களுக்கு அது எப்படி வந்தது?" இனிமேல் மறைப்பது பாவம் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். வெள்ளம் என்றால் ஃப்ளட், காடு என்றால் ஃபாரஸ்ட், ஊர்ப் பெயரைத்தான் நாங்களும் ஓர் எழுத்தாக முன்னால் போட்டுக்கொள்கிறோம், டைப் அடித்த பெண் அதைப் பின்னால் போட்டுவிட்டாள், உங்களுக்கும் எங்களுக்கும் சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது, மன்னிக்க வேண்டும் என்றேன்.  டப்பாவை மூடினார். கவிழ்ந்து கிடந்த கட்டுமரத்தில் போய் உட்கார்ந்து கழிமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓரம் நின்ற கொக்கைப் போலவே ஊரும் நின்றது.  "இன்னா அண்ணாத்த சொல்லிட்ட அவரை?" என்று காத்தவராயனே குரல் தாழ்த்திக் கேட்டான்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார், தம்பி! கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். "ஏமாற்றம்தான். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?" என்றார். "புறப்படும்போது என் தங்கை கப்பலடியில் வந்து சொன்னாள், 'ஆர்தர், இந்திய உறவினர்களிடம் நம் வீட்டைப் பற்றி மூச்சு விடாதே, பங்கு கேட்டுவிடப் போகிறார்கள்' என்று. நீங்கள் ஷேர் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. அதனால்தான் பிஸ்கட்டை நீட்டினேன்!"

இதை நான் தமிழில் சொன்னதும் தோப்பு அதிர்ந்தது. காத்தவராயன் பாரையைத் தூக்கி எறிந்துவிட்டு மரமேறி இளநீர் வெட்டிப் போட்டான். "குடி மச்சான், நல்லா குடி. பாகம் வோணாம்ன்ற பங்காளியை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றான். வச்சலா மூன்றாவது பிஸ்கட்டை நிம்மதியாக முழுங்கினாள். மத்தியானம் வஞ்சிர மீன் குழம்பு. அவர் இரண்டு தரம் சோறு வாங்கி, மூக்கின் சிவப்பு முகமெல்லாம் பரவச் சாப்பிட்டார். "எங்கள் ஊரில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பண்ணை யார் யாரிடமோ போய்விட்டது. உங்கள் பெயர் உங்களுக்குச் சோறு போடுகிறதே" என்றார்.  இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொன்னேன்.

புதன்கிழமை ரயிலேற்றிவிட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்து படத்தை விரித்து நம் ஊசியைப் பிடுங்கப் போனவர், "எடுத்துவிட்டால் ஆசியா காலியாகிவிடும். சினேகிதர் என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். தாராளமாக என்றேன். வண்டி போனதும் காத்தவராயனும் நானும் ரயிலடிக் காபி குடித்தோம். உலகத்தில் அவ்வளவு ருசியான காபி கிடையாது.

ஆக, தோப்புக்கு வில்லங்கம் ஏதுமில்லை. வந்து வீடு கட்டு. சகுந்தலாவை அங்கே குளிரில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல். குழந்தைகளுக்கு அண்ணியின் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் வாழ வேண்டும் என்று நம் கடற்கரை அம்மனைக் கும்பிட்டு நிறுத்துகிறேன்.

உன் அண்ணன்,
வெ. பூவராகவன்
(இனிஷியல் முன்னால்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்.)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில், கருவாட்டுக் கூடையோடு தனக்கோடி அத்தை வந்தாள். நம் அப்பாவின் சித்தப்பா மகள், ஊரிலேயே மூத்தவள். வெள்ளைக்காரர் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நம்மூருக்கு எந்தக் காலத்துலடா வெள்ளம் வந்துச்சு? காடுதான் எங்க கீது? வெல்லகாட் தொரைன்னு ஒருத்தன் கூடாரம் போட்டு ஒக்காந்துகினு உப்பு ஏவாரம் பண்ணான். அவன் பேருதான் ஊரு பேரு. தோப்பு வச்சவனும் அவன்தான். ஒங்க தாத்தனோட அப்பனை அவன்தான் வளத்தான். வளத்தானா, பெத்தானான்னு என்னைக் கேக்காதே" என்றாள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நானும் கூட்டத்துலதான் நின்னுகினு இருந்தேன். பாகம் கேக்க வந்தவன்கிட்ட போயி இதைச் சொல்லுவாங்களா?" என்றாள். உள்ளேயிருந்து உன் அண்ணி, "அப்போ சீமைல கீற அந்த வூட்டுல நமக்குப் பாகம் உண்டா?" என்று கேட்கிறாள். படித்ததும் இதைக் கிழித்துப் போடு. வெல்லகாட் அடுத்த வருஷம் தங்கையையும் கூட்டிக்கொண்டு உன்னைப் பார்க்கவே பிலாய் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உனக்கோ பிறந்தது முதல் பூனைக்கண். ஆகவே இன்றே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள். வீட்டுக்குள்ளேயும் கழற்றாதே.