கணபதியப்பன் சாருக்கு எத்தனை வீடு?

வக்கீல் சங்க அஞ்சலிக் கூட்டத்தின் முன்வரிசையைச் சுயம்புராஜ் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான்.

நடுவே ஒரு நாற்காலி காலி. அதற்கு இடப்பக்கம் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாளும் அவர் மகளும். வலப்பக்கம் கொஞ்சம் இளையவரான இன்னோர் அம்மாளும் தாட்டியான ஒரு மகனும். இரண்டு அம்மாள்மார் நெற்றியிலும் திருநீறு மட்டும். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு சுவரை முறைத்துக்கொண்டிருந்தன.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவர்களைக் கோர்ட்டு வாசலில் எதிர்கொண்டு அழைத்து வந்தவனே சுயம்புராஜ்தான்.

"சுசீந்திரத்துலயிருந்தா வாறீங்க?"

"ஆமா சாரே."

"எல்லாரும் ஒரே குடும்பந்தானே?"

"ஒரு காலத்துல," என்றார் மூத்த அம்மாள்.

துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்து, எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் கொடுத்து முன்வரிசையில் உட்காரவைத்தான். உட்கார்ந்ததும் இளைய அம்மாள் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பெரியவளுக்கு ஒரு நியாயம், சின்னவளுக்கு ஒரு நியாயமா? அந்த மனுஷன் உயிரோட இருந்தா இப்பிடி நடக்குமா?"

பெரியவள். சின்னவள். சுயம்புராஜ் ஒரே ஓட்டமாக ஓடினான். வக்கீல் சங்க அலுவலகத்தில் இருபது வருஷமாக இருக்கிற அனில்குமார் மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நாகர்கோவில் வக்கீல்கள் அத்தனை பேருடைய பூர்வோத்தரமும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"அனிலு, கணபதியப்பன் சாருக்கு எத்தனை வீடு?"

"ஒண்ணுதான் சார். சுசீந்திரம் தெற்குத் தெருவுல, ஓட்டு வீடு."

"அந்த வீட்டைக் கேக்கலலே! அங்க பாரு."

அனில்குமார் முன்வரிசையைப் பார்த்தான். கையிலிருந்த மாலை நழுவியது. "நாப்பத்தோரு வருஷ வக்கீல் தொழில்ல ஒருத்தரைக்கூட அவரு வீட்டுக்குக் கூப்பிட்டதில்ல சார். இப்பமல்லா காரணம் தெரியுது!"

அந்த வருஷம் சங்கத்தில் மூன்று வக்கீல்கள் காலமாகியிருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து இன்றைக்கு நினைவஞ்சலி. முதல் இருவரைப் பற்றி அவரவர் ஜூனியர்கள் பேசிவிடுவார்கள். கணபதியப்பன் சாருக்கு ஜூனியரே கிடையாது. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, தென்னை சாய்ந்த தகராறு என்று முன்சீப் கோர்ட்டிலேயே காலத்தைக் கழித்த மனிதர். தேவையில்லாமல் ஒரு வாய்தா கேட்டதில்லை. அவரைப் பற்றிப் பேசும் பொறுப்பு இணைச் செயலாளர் சுயம்புராஜின் தலையில் விழுந்தது. அடுத்த மாதம் செயலாளர் தேர்தலில் நிற்கிறவன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தான்.

இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி: 'அன்பு மனைவியின் துணையோடு அரை நூற்றாண்டு இல்லறம்.'

பேனாவை எடுத்து 'மனைவி'யை அடித்தான். 'மனைவியர்' என்று எழுதினான். அதையும் அடித்துவிட்டுக் 'குடும்பம்' என்று எழுதியபோது ஒலிபெருக்கியில் அவன் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தொழிலைப் பற்றிப் பேசிய வரைக்கும் சங்கடம் இல்லை. நாற்பத்தோரு வருஷமும் பிராதைத் தன் கைப்படவே எழுதினார் என்றான். எதிர்க்கட்சிக்காரனுக்கும் டீ வாங்கிக் கொடுப்பார் என்றான். மூத்த வக்கீல்கள் தலையை ஆட்டினார்கள். பிறகு அந்த வரி வந்தது.

"கணபதியப்பன் சார் தம் குடும்பத்தை—"

"எந்தக் குடும்பத்தை?" என்று கேட்டார் மூத்த அம்மாள்.

"எந்தக் குடும்பம்னு அவளுக்குத் தெரியாதாம்!" என்றார் இளைய அம்மாள், சுவரிடம்.

சபையில் சலசலப்பு. மேடையில் இருந்த சங்கத் தலைவர் தங்கையன் அவசரமாக இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிஷத்தில் முடி என்கிறார் என்பது மற்ற எல்லாருக்கும் புரிந்தது. சுயம்புராஜுக்கு மட்டும், இரண்டையும் சொல்லிவிடு என்று பட்டது.

தலைவரே சொன்ன பிறகு தயக்கம் எதற்கு?

"ஒளிப்பானேன்!" என்றான் கம்பீரமாக. "சாருக்கு இரண்டு வீடு. இரண்டையும் இரண்டு கண்ணாகத்தான் பார்த்தார்!"

தங்கையன் காட்டிய விரல்கள் அப்படியே நின்றன. பிறகு மூன்றாம் வரிசை கிசுகிசுத்தது.

"சனிக்கிழமை தவறாம குளச்சல் பஸ்ஸுல ஏறுவாரு வேய். மீன் வாங்கப் போறாருன்னுல்லா நெனச்சேன்."

"மனுஷன் சுத்த சைவம்லா!"

"அதைத்தான் நானும் இப்பம் யோசிக்கேன்."

"ரெண்டு கண்ணா?" இளைய அம்மாள் எழுந்தேவிட்டார். "நல்லது பூராவும் அவளுக்கு. எங்களுக்குக் கெடச்சது என்ன?"

"பதினோரு வருஷமா எம் மூஞ்சியைப் பாத்துப் பேசாதவ, சபையில வந்து பேசுதா!" என்றார் மூத்தவர்.

சுயம்புராஜ் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். தேர்தல் போகட்டும், செத்துப்போன மனிதரின் மானம் இப்போது அவன் வாயில் இருந்தது. எழுதாததைப் பேச ஆரம்பித்தான்.

"ஒரு கேஸ். ஒன்பது வருஷமாக அண்ணனும் தம்பியும் ஒரு வரப்புக்காகச் சண்டை. அண்ணனுக்குக் கணபதியப்பன் சார், தம்பிக்கு நான். வரப்பைப் பார்க்க ஒரு நாள் எல்லாரும் வயலுக்குப் போனோம். உச்சிவெயில். சார் வரப்பிலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சம் சாதம், ஒரே ஒரு பப்படம். அண்ணன் கையில் கொடுத்தார். 'எனக்குப் பசிக்கல மக்கா. நீயே ரெண்டா பங்கு வை. ஒரு பருக்கை கூடக்கொறைய வந்தா நாளைக்கு உம்மேலயே கேஸ் போடுதேன்' என்றார்."

சபை சிரித்தது. முன்வரிசை சிரிக்கவில்லை. ஆனால் நான்கு பேரும் சுவரைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"அண்ணன் பங்கு வைத்தார். வைத்தவர், பெரிய பங்கையும் பப்படத்தையும் தம்பி பக்கம் தள்ளினார். தம்பி பப்படத்தை ஒடித்துப் பாதியை அண்ணன் வாயில் வைத்தார். அடுத்த வாரம் கேஸ் வாபஸ். எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கட்சிக்காரன் போனான். 'தோத்துட்டோம் சார்' என்றேன். 'போடே, இதைவிடப் பெரிய ஜெயம் நமக்கு எந்தக் கோர்ட்டுல கெடைக்கும்?' என்றார்."

இது எழுதி வந்த பேச்சில் இல்லை. எப்படி எழுதாமல் விட்டோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. அந்த வேகத்தில் குரலை உயர்த்தினான்.

"அப்படிப்பட்டவருடைய இரண்டு வீட்டாரும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தால், அந்த ஆத்மாவுக்கு எப்படிச் சாந்தி கிடைக்கும்?"

"அய்யோ!" என்று ஓர் அலறல். பிந்தி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த திருநீறு மட்டும் இட்ட வயதான ஓர் அம்மாள் மயங்கிச் சரிய, கூட வந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். யாரென்றே தெரியாதவர்களைக்கூடப் பேச்சு இந்த அளவுக்கு உருக்கிவிட்டதே என்று சுயம்புராஜுக்குப் புல்லரித்தது.

முன்வரிசையில் மூத்த அம்மாள் எழுந்தார். காலி நாற்காலியைக் காலால் ஒதுக்கினார்.

"சின்னவளே," என்றார்.

"யக்கா," என்றார் இளையவர்.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தாட்டியான மகன் மூக்கை உறிஞ்சினான். சபை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அஞ்சலிக் கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்பதே யாருக்கும் நினைவில்லை. தங்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுயம்புராஜின் காதருகே குனிந்தார்.

"லேய், நான் காட்டுனது வேற. நீ பேசுனது வேற. ஆனா நீதாம்லே அடுத்த செயலாளர்."

அதற்குள் மூத்த அம்மாள் இளையவரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு மேடைக்கே ஏறி வந்துவிட்டார். மைக் அணைக்கப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"சாரே, கோர்ட்டு சமரச மையத்துல மொதல்ல இப்பிடி ஒரு கதை சொல்லித்தான் மனசை எளக்குவியன்னு எங்க வக்கீலு சொல்லவே இல்ல, கேஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எங்க மாமனாருக்க தென்னந்தோப்பை ஓரகத்தி நாங்க ரெண்டு பேரும் சரிபாதியா பிரிச்சுக்கிடுதோம், எந்தத் தாளுல கையெழுத்துப் போடணும்?"