மல்லாட்டை நைனா சொல்லாத ‘சரி’

கையில் வந்து விழுந்த மருத்துவ இன்சூரன்ஸை வேண்டாம் என்று எட்டு மாதம் சண்டை போட்டவர் இந்தப் பூமியில் ஒருவர்தான்: திண்டிவனம் மல்லாட்டை நைனா. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குத் தரகர். நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

தன் பாலிசியை அவர் எழுதிக் கொடுத்து ரத்து செய்திருந்தார். ஆனால் எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் விழுப்புரம் கிளையில் மாதக் கடைசி வந்தால் மேனேஜருக்குச் சாமி வந்துவிடும். “செத்த பாலிசிய எல்லாம் எழுப்புய்யா!” என்று ஒரு பட்டியலை நீட்டினார். ‘பாலிசிதாரர் சம்மதித்தார்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால்தான் கம்ப்யூட்டர் நகரும். வரிசையாக அடித்தேன். அதில் நைனாவும் ஒருவர்.

புதுப்பித்த பாலிசி பேப்பரைக் கையில் பிடித்தபடி மறுவாரமே வந்து நின்றார்.

“நான் எப்பய்யா சரின்னேன்?”

“நல்லதுதான நைனா? உடம்புக்கு ஒண்ணுன்னா...”

“மண்டியில மூட்டக்காரன் தலையாட்டாம ஒரு மல்லாட்ட நகராது. நான் திண்டிவனத்துல தூங்கிக்கினு இருக்கேன், விழுப்புரத்துல என் தலைய ஆட்டனது யாரு?”

யார் என்று எனக்குத் தெரியும். பேனாவைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

பேங்க் கணக்கிலிருந்து பிடித்த தவணையைத் திருப்பித் தருவதாக மேனேஜர் கெஞ்சினார்.

“பணத்த நீயே வச்சிக்க. நான் சரின்னு சொன்னதா ஒரு பேப்பர் கீதே, அது இருக்கக் கூடாது.”

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் புகாரோடு பஸ் ஏறி வந்தார். அதில் ‘யார் மீது’ என்ற இடம் மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். நகலில் சீல் வாங்காமல் நகரமாட்டார். சீல் மங்கலாக விழுகிறதென்று ஒருநாள் மை பாட்டிலும் வாங்கி வந்தார்.

ஆறாம் மாதம் எங்கள் ஆபீசிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். குடல்வால் வீக்கம். பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிப் போனேன். கவுன்டர் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, “பாலிசி உயிரோட இருக்கு சார், அட்மிஷன் போட்டுடலாம்” என்றதுதான் தாமதம், நைனா ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கிவிட்டார்.

“அத தொட்டா நான் சரின்ன மாதிரி ஆயிடும். வண்டிய முண்டியம்பாக்கத்துக்கு வுடு! ஜல்தி!”

அங்கே அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது பேப்பரும் பேனாவும். ‘வயிற்றைக் கிழித்தபோதும் உங்கள் பாலிசியை நான் தொடவில்லை. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?’ என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.

கம்பெனி சரணடைய இன்னும் இரண்டு மாதம் ஆனது. ‘தங்கள் சம்மதமின்றிப் புதுப்பித்ததற்கு வருந்துகிறோம். ரத்து செய்யப்பட்டது.’ அதை மண்டி முழுக்கப் படித்துக் காட்டினாராம். எனக்கோ வேறு கவலை. டிக் அடித்தவன் யார் என்று விசாரணை வருமே!

வரவில்லை. அடுத்த செவ்வாய் அவர் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையோடு வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

“நைனா, அந்த டிக் அடிச்சது நான்தான்.”

“மொத நாளே தெரியும் தம்பி. அந்தப் பேப்பர் மூலையில உன் பேரு இருந்திச்சே.”

“அப்புறம் ஏன், யார் மேல புகார்ங்கற எடத்த காலியா வுட்டீங்க?”

“உன் பேர எழுதலாமான்னு உன்னயக் கேக்கலியே நான்” என்றார், மல்லாட்டையை உரித்துக்கொண்டே.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகார் தீர்ந்துபோச்சே, இனிச் செவ்வாய்க்கிழமைகளில் இந்த மனுஷன் வராமல் போய்விடுவாரோ என்றுதான் அப்போது பயந்தேன்.