எலெக்ட்ரீஷியன் பேரில் போட்ட போண்டா

உருளைக்கிழங்கு போண்டா சாப்பிடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையை முடிப்பதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தார். ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து வீட்டில் வாணலி அடுப்பேறவில்லை. எண்ணெய் என்றால் இப்போது தலைக்கு மட்டும்தான். மனிதருக்குக் கனவில்கூட வேகவைத்த காய்கறிதான் வந்தது.

மனைவி நாலு தெரு தள்ளியிருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம்தான் வருவாள். மெக்கானிக் ஓடிப்போய்க் கடலை மாவும் கிழங்கும் வாங்கி வந்தார். பெரிய பெரிய லிஃப்டையெல்லாம் பிரித்துப் பூட்டுகிற தனக்கு, கிழங்கை வேகவைப்பதற்கு முன்னால் உரிப்பதா, பின்னால் உரிப்பதா என்பது தெரியாது என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது.

ஆகவே மனைவிக்கே போன் போட்டார். கூட வேலை பார்க்கிற எலெக்ட்ரீஷியன் போண்டா போடுகிறாராம். வீட்டம்மா ஊரில் இல்லையாம். பாவம், வழி தெரியாமல் தன்னைக் கேட்கிறாராம். தட்டுத் தடங்கல் இல்லாமல் பொய் வந்தது. மனைவி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கதைகளை விசாரிக்கிற வேலையில் இருப்பவள் என்பது அந்த நேரம் பார்த்து அவருக்கு மறந்துபோயிற்று.

"அவர் வீட்ல எத்தனை பேருங்க?" என்றாள்.

ஒருத்தர் என்றால் மாட்டிக்கொள்வோம். "எட்டுப் பேர். பெரிய குடும்பம்" என்றார்.

அவள் எட்டுப் பேருக்கு அளவு சொன்னாள். அதை ஒரு ஆளுக்குக் குறைத்தால் உப்பு எவ்வளவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அதனாலென்ன, எட்டுப் பேர் பங்கையும் ஒருத்தராகத் தின்றால் போகிறது என்று மறுபடியும் கடைக்கு ஓடினார்.

எலெக்ட்ரீஷியனுக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. மசித்த கிழங்கில் இஞ்சி, பச்சை மிளகாய் எப்போது சேர்ப்பது, மாவு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், எண்ணெய் காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வரிசையாகக் கேட்டார். மனைவி சலிக்காமல் பதில் சொன்னாள். ஒரு சொட்டு மாவை விட்டால் உடனே மேலே வரவேண்டும் என்றாள். வந்தது. தான் பழுது பார்த்த எந்த லிஃப்டும் அப்படி வந்ததில்லை என்று மெக்கானிக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "எல்லாம் போட்டு முடிக்கிற வரைக்கும் ஒண்ணைக்கூட வாயில வைக்கக் கூடாது. தின்னுகிட்டே பொரிச்சா எண்ணெய் மேல தெறிச்சிடும். கடைசி ஈடு போட்டதும் போன் பண்ணச் சொல்லுங்க. அதுலதான் ஒரு சூட்சுமம் இருக்கு."

மெக்கானிக் நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டு பொரித்தார். கடைசி ஈட்டைப் போட்டதும் சொன்னபடியே போன் செய்தார். எண்ணெய் வடியட்டும், கொஞ்சம் ஆறட்டும், சூடாகத் தின்றால் வாய் வெந்துவிடும், அதுதான் சூட்சுமம் என்றாள். தட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் காத்திருந்தார்.

கதவு திறந்தது. மனைவி வந்தாள். பின்னாலேயே அவள் தங்கை, சகலை, அவர்கள் பெற்ற நாலு, சகலையின் அம்மா. மெக்கானிக் எண்ணிப் பார்த்தார். சரியாக எட்டு.

"அத்தான், எங்களுக்காக நீங்களே போண்டா போடறீங்கன்னு அக்கா மத்தியானமே சொல்லிட்டா" என்றாள் மச்சினி. "நான்தான் நம்பல."

தட்டு சுற்றியது. அவர் பக்கம் மட்டும் வரவில்லை. இவர் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடக்கூட மாட்டார், அவ்வளவு கட்டுப்பாடு என்று மனைவி எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னாள். சகலைக்கு அவர்மேல் மரியாதை பொங்கியது. அந்த மரியாதையோடேயே இன்னொரு போண்டாவை எடுத்துக்கொண்டார்.

மெக்கானிக்குக் கோபம் வந்தது. அடுக்களைக்குள் போய் முறைத்தார். அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டபடி, "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் போய் விசாரிக்கிறது?" என்றாள். அவருக்கு முறைப்பு இறங்கிப்போயிற்று. அவள்மேல் பிரியமாக இருந்தது. போண்டாமேலும் பிரியமாகத்தான் இருந்தது.

மிஞ்சிய மூன்று போண்டாவை அவள் ஒரு டப்பாவில் வைத்து நீட்டினாள். எலெக்ட்ரீஷியன் போட்டது எப்படி வந்ததோ என்னவோ, இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். மெக்கானிக்குக் கண்ணில் உயிர் வந்தது. மூன்று போண்டாவுக்கு மாடிப்படித் திருப்பம் ஒன்றே போதும். டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தார்.

பக்கத்தில் மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, நானும் வரேன். அவர் சாப்பிடறதைக் கண்ணால பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."