உங்கப்பன் மண்டையில் விழுந்த சொட்டு

என் ராசாத்தி பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே நானும் உன் செடியும் சுகம். மற்றவர்கள் சுகமா என்பதை நீயே படித்துத் தெரிந்துகொள்.

அன்று ஹாலில் இருந்தவர்கள்: ஈரத் தலையோடு உங்கப்பன், விளக்குமாற்றோடு உங்கம்மா, சுத்தியலோடு குழாய்க்காரன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டு ஓனர், கையைக் கட்டிக்கொண்டு மேல்வீட்டுக்காரி, நான், சோபா பக்கத்தில் உன் யானைக்காதுச் செடி. நாளைக்கு யாராவது "நான் அங்கே இல்லவே இல்லை" என்பார்கள், நம்பாதே.

முதலில் செடி சங்கதி. நீ வேலைக்குப் போறப்ப என் கையில ஒப்படைச்சியே, அது இப்ப சோபாவுக்கே குடை பிடிக்குதுடி! இலை ஒவ்வொண்ணும் முறம் அகலம். ஈரத்துணியால துடைச்சு, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி வெச்சு, பிள்ளை மாதிரி பாக்குறேன். மண்ணுல விரலை விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி ஊத்துன்னு சொன்னே. விரலை விடாம இல்லை. ஈரமாத்தான் இருக்கும். அதுக்காக, அத்தனை பெரிய காதைத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிற சீவனைப் பட்டினி போட முடியுமா? சாயங்காலமானா ஒரு சொம்பு ஊத்திடுவேன். உங்கப்பனை வளர்த்ததும் அப்படித்தான், பசிக்குதான்னு கேட்டதே இல்லை.

அப்புறம் கேளு. காலையில உங்கப்பன் சோபாவில உக்காந்து பேப்பர் படிக்கிறான், வழுக்கை மண்டையில சொட்டுனு ஒண்ணு. மறுநாளும் விழுந்துச்சு. "அம்மா, மேல பாத்ரூம் ஒழுகுது"ன்னான். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! என் குடையை இரவல் வாங்கிட்டுப் போய்க் கம்பியை ஒடிச்சு, ஒடிஞ்ச பக்கத்தை உள்ள மடிச்சுக் குடுத்தவ வீட்டுத் தண்ணி என் பிள்ளை தலையில விழறதா? ஓனரைக் கூப்பிட்டேன், ஓனர் குழாய்க்காரனைக் கூப்பிட்டார், அவளையும் கீழே வரவழைச்சேன். குழாய்க்காரன் ஏணியில ஏறி, சீலிங்கில காதை வெச்சு, "பாட்டிம்மா, உள்ள தண்ணி ஓடுற சத்தம் நல்லாக் கேக்குது"ன்னு சொல்லி ரெண்டு தட்டுத் தட்டினான். பாதிப் பூச்சு பொலபொலன்னு இறங்கி, உங்கம்மா அப்பத்தான் துவைச்சுப் போட்ட சோபா உறை மேல உக்காந்துச்சு. உள்ள பாத்தா எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு, குழாயே அந்தப் பக்கம் போகலை. "அப்போ சத்தம்?"னார் ஓனர். "என் வயிறா இருக்கும் சார், காலையில ஒண்ணும் சாப்பிடலை"ங்கிறான்!

அப்பத்தான் மேல்வீட்டுக்காரி வாயைத் திறந்தா. "பெரியம்மா, தண்ணி ஜாஸ்தியானா இந்தச் செடிக்கு இலை நுனியில வேர்க்கும். சொட்டுறது செடிதான்." செடிக்கு வேர்க்குமாம்! "ஏன், மூட்டை தூக்கிட்டு வந்து நிக்குதா?"ன்னேன். உங்கப்பன் சிரிச்சான். அவ பேசினதுக்குச் சிரிச்சானா, நான் பேசினதுக்கான்னு இன்னும் சொல்லலை, அதையும் முடிஞ்சு வெச்சிருக்கேன். நான் விடுவேனா? செடிதான் சொட்டுதுன்னா, இந்த முட்டி வலியோட மாடி ஏறி, அவ வாசல்ல நின்னு மன்னிப்புக் கேக்குறேன்னு எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணிட்டேன்.

அதனால நீ உடனே போன் பண்ணி, எல்லார் காதிலும் விழற மாதிரி, "இது சொட்டுற வகை இல்லை"ன்னு சொல்லிடணும். படிச்ச பிள்ளை, உன் பேச்சு எடுபடும்.

வேளைக்குச் சாப்பிடு. செடியில புதுசா ஒரு இலை சுருள் விட்டிருக்குடி! அது மாதிரி நீயும் நாளுக்கொரு இலை விட்டுத் தழைக்கணும்.

உன் பாட்டி

பி.கு.: விடிஞ்சதும் விடியாததுமா செடிக்குப் பக்கத்துல உக்காந்து எழுதினேனா, "தழைக்கணும்"ங்கிற இடத்துல சொட்டுனு விழுந்து மை கலைஞ்சிருக்கு பாரு. அண்ணாந்து பாத்தா, இலை நுனியில அடுத்தது திரண்டு நிக்குது. மேல்வீட்டுல நேத்தே குழாயை மூடிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. நீ போன் பண்ண வேண்டாம். அவ வந்ததும் ஏறிப் போய்க் கேட்டுடறேன், சத்தியம் சத்தியம்தான். சீலிங்கை உடைச்சவனை மன்னிச்சேன். அவனைக் கூட்டிட்டு வந்த ஓனரை மன்னிச்சேன். சிரிச்ச உங்கப்பனைக்கூட மன்னிச்சுட்டேன். அந்தக் குடையைக்கூட மறந்திருப்பேன்டி. ஆனா சொன்னது சரியாப் போச்சே, அதுக்கு இந்த சென்மத்துல மன்னிப்பே கிடையாது, அந்த மேல்வீட்டுக்காரிக்கு.